ஆயர் யாரு, ஏழாம் கட்டளை எது? கத்தோலிக்கரும் பிரஸ்பிட்டேரியரும் பேச உட்காரும் முன்னாடி

இயேசுவுக்கே புகழ்! ஸ்தோத்திரம்! ரெண்டு வணக்கத்தையும் சொல்லிட்டேன், யாரும் கோவிச்சுக்க வேணாம். தர்மபுரியிலேருந்து பேசறேன். கோவிலூர், எலத்தகிரின்னு பழைய கத்தோலிக்க ஊர்கள் இருக்கற பக்கம் இது. கத்தோலிக்க வீடும் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை, புரொட்டஸ்டன்ட்) வீடும் சம்பந்தம் பண்ணிக்கிட்டா, சாப்பிட்டு முடிச்சதும் "மாதாவை ஏன் கும்பிடறீங்க"ன்னு யாராச்சும் ஆரம்பிப்பாங்க. அந்தப் பேச்சு சண்டையாகாம நடக்க என்ன செய்யணும், அதான் இன்னைக்கு.

முதல்ல எதிர்ல உட்கார்ந்திருக்கறவர் யாருன்னு கேட்டுக்கணும். பிரஸ்பிட்டேரியன்னா மூப்பர்கள் குழு சபையை நடத்தற, கால்வின் வழி வந்த புரொட்டஸ்டன்ட் பிரிவு. இங்க "பிரஸ்பிட்டேரியன்"னு சொல்றவர் பெரும்பாலும் சிஎஸ்ஐக்காரரா இருப்பார். 1908-ல பிரஸ்பிட்டேரியன் சபைகளும், ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நடத்திக்கற கான்கிரிகேஷனல் சபைகளும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆச்சு. 1947 செப்டம்பர் 27-ல அதோட ஆங்கிலிக்கனும் மெத்தடிஸ்ட்டும் சேர்ந்து சிஎஸ்ஐ. சேலம் வட்டாரத்துல வேலை செஞ்ச லண்டன் மிஷன் கான்கிரிகேஷனல் வழி, அதாவது பிரஸ்பிட்டேரியன் இல்லை. அதனால கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: "1646-ல எழுதின வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையை (பிரஸ்பிட்டேரியரோட கொள்கை ஏடு) ஏத்துக்கிறீங்களா?" ஆமான்னா அசல் பிரஸ்பிட்டேரியன் வாதம். இல்லைன்னா அவர் எதை நம்பறாருன்னு அவர்கிட்டயே கேளுங்க, நீங்களா ஊகிக்காதீங்க.

அடுத்தது வார்த்தை. பாதி தகராறு இங்கதான். "ஆயர் சொன்னார்"னா கத்தோலிக்கருக்கு அது பிஷப்பு. சிஎஸ்ஐக்காரருக்கு அவங்க சபைப் போதகர். சிஎஸ்ஐல பிஷப்புதான் பேராயர், கத்தோலிக்கத்துல பேராயர்னா ஆர்ச் பிஷப்பு. பத்துக் கட்டளை இன்னும் மோசம். சிலை பத்தின வாசகத்தைக் கத்தோலிக்கர் முதல் கட்டளைக்குள்ளேயே சேர்த்து எண்ணுவாங்க, பிரஸ்பிட்டேரியர் அதைத் தனியா ரெண்டாவதா எண்ணுவாங்க. அதனால "ஏழாம் கட்டளையை மீறிட்டான்"னா ஒருத்தர் காதுல திருட்டு, இன்னொருத்தர் காதுல விபசாரம்! கத்தோலிக்கர் சிலைக் கட்டளையை எடுத்துட்டாங்கன்னு ஒரு குற்றச்சாட்டு சுத்துது. விடுதலைப் பயணம் 20-ஐ, அதாவது யாத்திராகமம் 20-ஐ, அவங்க பைபிள்லயே திறந்து பாருங்க, முழுசா இருக்கு.

இப்ப முக்கியமான விஷயம், மீட்பு. மனுஷன் கடவுள் முன்னாடி நீதிமான் ஆகறது எப்படி? உள்ளுக்குள்ள நிஜமாவே மாத்தப்படறான்னு கத்தோலிக்கர் சொல்றாங்க. 1547-ல திரெந்து சங்கம், அதாவது கத்தோலிக்க ஆயர்களோட பொதுச்சங்கம், எழுதினது அதான். கிறிஸ்துவோட நீதி அவன் கணக்குல வைக்கப்பட்டு நீதிமான்னு தீர்ப்பாகுதுன்னு பிரஸ்பிட்டேரியர் சொல்றாங்க. தமிழ்ல ஒரு வேடிக்கை பாருங்க. புரொட்டஸ்டன்ட் கையில இருக்கற பழைய மொழிபெயர்ப்புல ரோமர் 3:28-ல "நீதிமானாக்கப்படுகிறான்"னு இருக்கு. "ஆக்கப்படுகிறான்"! இது கத்தோலிக்க வாதம் மாதிரியே ஒலிக்குது. கத்தோலிக்கர் கையில இருக்கற திருவிவிலியத்துல "ஏற்புடையவர்"னு வருது. அது தீர்ப்பு மாதிரி, புரொட்டஸ்டன்ட் வாதம் மாதிரி ஒலிக்குது! வார்த்தையைப் பிடிச்சுத் தொங்கினா ரெண்டு பேரும் எதிராளிக்கே வக்காலத்து வாங்குவாங்க. பிரஸ்பிட்டேரியர் பிடிக்க வேண்டியது ரோமர் 4:3, "நீதியாக எண்ணப்பட்டது". கத்தோலிக்கர் பிடிக்க வேண்டியது யாக்கோபு 2:24, "விசுவாசத்தினாலே மாத்திரமல்ல". ரெண்டு வசனத்தையும் மேசையில வெச்சுட்டு ஆரம்பிங்க.

அப்புறம் எதிராளி சொல்லாததைச் சொன்னதா வைக்கிறது. "நீங்க நற்செயல் செஞ்சு மோட்சத்தைச் சம்பாதிக்கிறீங்க"ன்னு கத்தோலிக்கரைப் பார்த்துச் சொன்னா தப்பு. ஒருத்தர் நீதிமானாகறதுக்கு முந்தி இருக்கற விசுவாசமோ செயலோ எதுவும் அந்த அருளுக்குத் தகுதியாகாதுன்னு திரெந்து சங்கமே சொல்லுது. "நம்பினா போதும், எப்படியும் வாழலாம்னு சொல்றீங்க"ன்னு பிரஸ்பிட்டேரியரைப் பார்த்துச் சொன்னா அதுவும் தப்பு. மெய்யான விசுவாசம் தனியா நிக்காது, அன்போட செயல்படும்னு வெஸ்ட்மின்ஸ்டர் 11-ம் அதிகாரத்துல இருக்கு. 1999-ல கத்தோலிக்கரும் லூத்தரனும் இதுபத்திப் போட்ட கூட்டறிக்கையோட, 2017-ல பிரஸ்பிட்டேரியர் இருக்கற உலக சீர்திருத்த சபைகள் ஐக்கியமும் சேர்ந்துச்சு. இதை ரெண்டு பக்கத்துலயும் நிறைய பேர் கேள்விப்பட்டதே இல்லை.

நற்கருணையிலயும், அதாவது அப்பமும் ரசமும் பகிர்ற திருவிருந்துலயும், இதே கூத்து. "உங்களுக்கு அது வெறும் நினைவுதானே"ன்னு கத்தோலிக்கர் கேப்பாங்க. அது ஸ்விங்லி வழி. ஸ்விங்லி, கால்வின் ரெண்டு பேரும் 16-ம் நூற்றாண்டு சீர்திருத்தவாதிகள். பிரஸ்பிட்டேரியரோட கால்வின் வழியில கிறிஸ்து ஆவியினால நிஜமாவே தரப்படறார், அப்பமும் ரசமும் மாறறதில்லை, அவ்வளவுதான். அந்தப் பக்கத்துலேருந்து "பூசையில இயேசுவைத் திரும்பத் திரும்பப் பலி கொடுக்கறீங்க"ன்னு வரும். கல்வாரியில நடந்த அதே ஒரே பலி, இரத்தம் சிந்தாத முறையிலன்னுதான் கத்தோலிக்கர் சொல்றாங்க. ஏத்துக்க வேணாம், சரியாச் சொல்லுங்க.

மாதா விஷயத்துல சிக்கல் "கும்பிடு"ங்கற நம்ம வார்த்தைதான். பெரியவங்களைப் பார்த்தாலும் கும்பிடறோம், கோயில்லயும் கும்பிடறோம். ஆராதனை கடவுளுக்கு மட்டும், மாதாவுக்கும் புனிதருக்கும் வணக்கம்னு கத்தோலிக்கர் பிரிப்பாங்க. பிரிவு காகிதத்துல தெளிவு, ஆனா தேர்ப் பவனியில அது தெரியுதான்னு பிரஸ்பிட்டேரியர் கேக்கறது நியாயமான கேள்விதான், கோவப்படாம பதில் சொல்லணும்.

நடத்தற முறை சின்னது. ஒரு நாளைக்கு ஒரே தலைப்பு. பக்கத்துக்கு ரெண்டு பேர், பத்து பத்து நிமிஷம். பதில் சொல்றதுக்கு முன்னாடி எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்லணும்; அவர் "ஆமா, அதான்"னு சொன்னப்புறம்தான் உங்க முறை. ரெண்டு பைபிளும் கையில இருக்கணும், போன்ல தேடற பழக்கம் வேணாம், வசனத்தை மட்டும் உருவி எடுத்துடுவோம், முன்னபின்ன படிக்க மாட்டோம்.

உத்தரிக்கிற ஸ்தலத்தை, அதாவது செத்தவங்க ஆன்மா மோட்சத்துக்கு முன்னாடி தூய்மையாகுதுன்னு கத்தோலிக்கர் நம்பற நிலையை, மட்டும் முதல் நாள் எடுக்காதீங்க. கத்தோலிக்கர் காட்டற 2 மக்கபேயர் 12, எதிராளியோட 66 புத்தக பைபிள்ல கிடையாது, கத்தோலிக்கரோட 73 புத்தக பைபிள்லதான் இருக்கு. அஞ்சு நிமிஷத்துல பேச்சு புத்தகப் பட்டியலுக்குத் தாவிடும். முதல் வாரம் அந்த ஏழு புத்தகத்தைப் பேசி முடிங்க, அடுத்த வாரம் 1 கொரிந்தியர் 3:15-ஐத் திறங்க. அது ரெண்டு பைபிள்லயும் இருக்கு.