ஊட்டியில் உறையும் எண்ணெய், மேட்டுப்பாளையத்தில் திரியும் சோப்பு

(காட்சி: சமையலறை ஜன்னல் ஓரம். மூன்று எண்ணெய்ப் பாட்டில்கள். வெளியே புல்லின் மேல் வெள்ளையாக உறைபனி.)

ஊட்டியில் ஜனவரி மாதக் காலை ஏழு மணி. சமையலறையில் மாட்டியிருக்கும் வெப்பமானி 11 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. ஜன்னலோரம் மூன்று பாட்டில்கள் இருக்கின்றன. முதலாவதில் தேங்காய் எண்ணெய். வெள்ளைக் கல்லாகிவிட்டது, பாட்டிலைக் கவிழ்த்தாலும் அசையாது. இரண்டாவது ரேஷன் கடையில் வாங்கிய பாமாயில். மேலே கொஞ்சம் மஞ்சளாக ஓடுகிறது, அடியில் தயிர் போலத் திப்பித் திப்பியாகப் படிந்திருக்கிறது. மூன்றாவது நல்லெண்ணெய். அதற்குக் குளிரே உறைக்கவில்லை, சரசரவென்று ஊற்றுகிறது.

மலையில் வாழும் யாருக்கும் இது புதிதில்லை. தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டுமென்றால் பாட்டிலை முதலில் வெந்நீரில் நிறுத்த வேண்டும், அல்லது கத்தியை உள்ளே விட்டுக் குடைய வேண்டும். ஆனால் மூன்றும் எண்ணெய்தானே, பிறகு ஏன் மூன்று விதம்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் சோப்பு ஏன் நுரைக்கிறது, ஏன் சில ஊர்களில் நுரைக்க மறுக்கிறது, மலைப்பாதையில் இறங்கும் பஸ்ஸின் சக்கரத்துக்குள் என்ன இருக்கிறது என்பது வரை புரிந்துவிடும்.

(காட்சி: காகிதத்தில் வரைந்த மூன்று பல் கொத்து.)

உருளைக்கிழங்கு தோண்டும் மூன்று பல் கொத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு மூலக்கூறு ஏறக்குறைய அந்த வடிவம்தான். மேலே குறுக்காக இருப்பது கிளிசரால். அதிலிருந்து நீளும் மூன்று பற்கள் கொழுப்பு அமிலங்கள், அதாவது கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த சங்கிலிகள். தேங்காய் எண்ணெயில் பாதியளவு லாரிக் அமிலம். அதில் 12 கார்பன்கள். பாமாயிலில் அதிகம் இருப்பவை 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலமும், 18 கார்பன் கொண்ட ஓலியிக் அமிலமும். நல்லெண்ணெயில் ஓலியிக், லினோலியிக் என்ற இரண்டும் 18 கார்பன்தான்.

ஆனால் நீளம் மட்டும் பார்த்தால் கணக்கு உதைக்கும். 18 கார்பன் கொண்ட ஸ்டியரிக் அமிலம் 69 டிகிரியில்தான் உருகுகிறது. அதே 18 கார்பன் கொண்ட ஓலியிக் அமிலம் 13 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. வித்தியாசம் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு. அந்த இடத்தில் சங்கிலி முழங்கை மடக்கியதுபோல வளைந்துவிடுகிறது. நேரான கற்பூர மரக் கழிகளைக் கட்டாகக் கட்டினால் இடைவெளியே இல்லாமல் இறுகிக்கொள்ளும். வளைந்த சுள்ளிகளைக் கட்டிப் பாருங்கள், எத்தனை இறுக்கினாலும் பிதுங்கும். நல்லெண்ணெயில் வளைந்தவையே அதிகம், பாமாயிலில் நேரானவையும் வளைந்தவையும் கலந்திருக்கின்றன. லாரிக் குட்டையானது என்றாலும் நேரானது. அதனால்தான் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டாக இறுகுகிறது. சென்னையில் இது தெரியாது, ஊட்டியில் தினமும் தெரியும்.

(காட்சி: தராசு, எவர்சில்வர் பாத்திரம், கையுறை, கண்ணாடி.)

இப்போது இந்தச் சங்கிலிகளை உப்பாக்குவோம். உப்பு என்றதும் சமையல் உப்பு நினைவுக்கு வரும். வேதியியலில் அமிலமும் காரமும் சேர்ந்து பிறப்பது எல்லாமே உப்புதான். கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்புக்கு நாம் வைத்திருக்கும் பெயர் சோப்பு.

500 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதையும் சோப்பாக்க ஏறத்தாழ 91 கிராம் காஸ்டிக் சோடா என்ற சோடியம் காரம் வேண்டும். நான் 87 கிராம்தான் போடுவேன். எண்ணெயில் ஒரு சிறு பங்கு மிஞ்சட்டும். காரம் மிஞ்சினால் தோல் எரியும். இதே 500 கிராம் ஆலிவ் எண்ணெயாக இருந்தால் சுமார் 67 கிராம் போதும். காரணம் பழைய கதைதான்: குட்டைச் சங்கிலி என்றால் ஒரு கிராமில் அதிக எண்ணிக்கையில் சங்கிலிகள் அடங்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சோடியம் தேவை. அதனால் ஓர் எண்ணெய்க்குச் சொன்ன அளவை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

காஸ்டிக்கைத் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக்கின் மேல் ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். காரம் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜனை வெளியேற்றும்.

கலக்கக் கலக்க எண்ணெயும் காரநீரும் கூழ்ப் பதத்துக்கு வரும். கரண்டியிலிருந்து ஒழுகும் துளி மேலே கோடு போட்டு நிற்கும். அதுதான் வார்க்க வேண்டிய நேரம். இங்கே ஒரு மலைப் பிரச்சினை இருக்கிறது. முதல் முறை நான் செய்தபோது இரண்டே நிமிடத்தில் கூழாகிவிட்டது. பெருமையோடு அச்சில் ஊற்றினேன். மறுநாள் கட்டியை வெட்டினால் நடுவில் குழி, குழிக்குள் காரநீர். அது சோப்பானதால் கெட்டியாகவில்லை, குளிரில் எண்ணெய் உறைந்ததால் கெட்டியாகியிருக்கிறது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். இப்போது பாத்திரத்தை வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தி, 40 டிகிரிக்கு இறங்காமல் பார்த்துக்கொண்டுதான் கலக்குகிறேன்.

சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் போட்டால் கட்டி வராது, களிபோல மென்மையான சோப்பு வரும். தோட்டக்காரர்கள் அசுவினி, மாவுப்பூச்சி போன்ற மெல்லுடல் பூச்சிகளுக்குத் தெளிப்பது இந்த வகைதான். அது பூச்சியின் மேல் ஈரமாக இருக்கும்போதுதான் வேலை செய்யும். காய்ந்த பிறகு இலையில் இருப்பது வெறும் படலம்.

(காட்சி: சாலையோரக் கடையில் தைலப் பாட்டில்கள்.)

ஊட்டிக்கு வருபவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இது: நீலகிரித் தைலத்தில் சோப்பு செய்ய முடியுமா? முடியாது. அது எண்ணெய்போல வழவழப்பாக இருக்கிறது என்றாலும் கொழுப்பு இல்லை. அதில் இருப்பது பெரும்பாலும் சினியோல். கார்பன் வளையம் கொண்ட பொருள், கொத்தும் இல்லை பற்களும் இல்லை. காஸ்டிக்கோடு எவ்வளவு நேரம் கலக்கினாலும் தைலம் தைலமாகவே மிதக்கும். வாசனைக்குச் சில துளி சேர்க்கலாம், அவ்வளவுதான். பக்கத்திலேயே விற்கும் வின்டர்கிரீன் தைலம் இன்னும் வேடிக்கையானது. அதிலுள்ள மெத்தில் சாலிசிலேட் காரத்தோடு உண்மையாகவே வினைபுரிந்து சோடியம் சாலிசிலேட் என்ற உப்பைத் தரும். ஆனால் நுரை வராது. உப்பானால் போதாது, நீண்ட வாலும் வேண்டும்.

அந்த வால்தான் எல்லா வேலையையும் செய்கிறது. சோப்பு மூலக்கூறின் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குத் தண்ணீரே ஆகாது. போதுமான அளவு சோப்பு கரைந்ததும் வால்கள் எல்லாம் உள்ளே திரும்பிக்கொண்டு, தலைகள் வெளியே நிற்கும் சிறு உருண்டைகளாகின்றன. இவற்றை மைசெல் என்கிறார்கள். சட்டைக் காலரில் உள்ள பிசுக்கு அந்த உருண்டையின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ள, அலசும்போது தண்ணீரோடு வெளியேறுகிறது.

ஆனால் இந்த உருண்டைகள் உருவாவதற்கும் ஒரு வெப்பநிலை வேண்டும். கிராஃப்ட் வெப்பநிலை என்று ஒரு ஜெர்மானிய வேதியியலாளரின் பெயரில் இது வழங்குகிறது. ஸ்டியரிக் அமிலத்தின் சோப்பான சோடியம் ஸ்டியரேட்டுக்கு அது ஏறத்தாழ 70 டிகிரி. அதற்குக் கீழே அது சரியாகக் கரையாது, ஜனவரிக் குழாய்த் தண்ணீரில் கேட்கவே வேண்டாம். தேங்காய் எண்ணெய்ச் சோப்பின் குட்டை வால்களுக்கு அவ்வளவு சூடு தேவையில்லை. அது கடல் தண்ணீரில்கூட நுரைக்கும் என்பதால் மாலுமிகளின் சோப்பு என்றே பெயர் வாங்கியது. கடைச் சோப்புகளில் பாமாயிலோ மாட்டுக் கொழுப்போ 80 பங்கு, தேங்காய் அல்லது பனைப்பருப்பு எண்ணெய் 20 பங்கு என்று கலப்பது பழைய வழக்கம். கட்டி சீக்கிரம் கரையாமல் இருக்க முன்னது, நுரைக்குப் பின்னது.

(காட்சி: இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் ஓடைத் தண்ணீர், மற்றதில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்.)

மேட்டுப்பாளையத்தில் இருக்கும் என் அக்கா வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்திருக்கிறேன். இடது பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடை. இரண்டிலும் ஒரே அளவு சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்குகிறேன். இடது டம்ளரில் நுரை விளிம்பு தாண்டுகிறது. வலது டம்ளரில் பால் திரிந்ததுபோல வெள்ளைத் துணுக்குகள், மேலே சாம்பல் நிற ஆடை.

உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும் அந்த நீரில் கால்சியமும் மக்னீசியமும் இருக்கின்றன. சோடியம் ஒரு சங்கிலியின் கையைத்தான் பிடிக்கும். கால்சியத்துக்கு இரண்டு கை; இரண்டு சங்கிலிகளை ஒன்றாகப் பிடித்து, தண்ணீரில் கரையாத கால்சியம் சோப்பாக்கிவிடுகிறது. வாளியின் உட்புறம் படியும் அழுக்கு வளையம் அதுதான். மழையும் ஓடையும் தரும் மலைத் தண்ணீரில் இந்தத் தொல்லை குறைவு. மாறாக, எவ்வளவு அலசினாலும் கை வழுக்குவதாக விருந்தினர்கள் குறைப்படுவார்கள். பழகிவிடும். சலவைத்தூளில் உள்ள சல்ஃபோனேட் வகைப் பொருள்கள் கால்சியத்தைக் கண்டு இப்படித் திரிவதில்லை. சமவெளியில் சலவைச் சோப்பை அவை ஓரங்கட்டியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இடது டம்ளரில் இப்போது அரை எலுமிச்சம்பழம் பிழிகிறேன். நுரை அடங்கி நீர் கலங்குகிறது. அமிலம் சோடியத்தைப் பறித்துக்கொண்டுவிட்டது. மிதப்பது மீண்டும் கொழுப்பு அமிலம். எதிர்த்திசைக்கு ஒரு சான்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்பு போட்டதும் சிவக்கிறதல்லவா? சோப்புநீர் காரத்தன்மை கொண்டது என்பதற்கு அதைவிட எளிய சோதனை வேண்டாம்.

(காட்சி: பணிமனை. தரையில் கழற்றி வைத்த சக்கரம்.)

சலவைக்குத் தொல்லையான கரையாத சோப்புதான் தொழிலுக்கு வேண்டியதாக இருக்கிறது. மாத்திரை அச்சில் ஒட்டாமல் நழுவி வர மக்னீசியம் ஸ்டியரேட். மலைப் பயணத்துக்கு முன் விழுங்கும் வாந்தி மாத்திரையின் அட்டையைப் படித்துப் பாருங்கள், பல நேரம் இருக்கும். பிவிசி குழாய் தயாரிப்பில் கால்சியம் ஸ்டியரேட். ஆனால் எனக்குப் பிடித்தது கிரீஸ்.

கிரீஸ் என்றால் கெட்டியான எண்ணெய் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். குன்னூர் சாலையில் பணிமனை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் திருத்தினார். "தம்பி, எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பதே சோப்புதான். நிறத்தைப் பார்த்து வாங்காதே, டப்பாவைப் படி" என்றார். உண்மைதான். எஞ்சின் ஆயில் போன்ற எண்ணெய்க்குள் பத்தில் ஒரு பங்கு அளவு உலோகச் சோப்பு நார் நாராகப் பின்னி, பஞ்சு தண்ணீரைப் பிடிப்பதுபோல எண்ணெயைப் பிடித்துக்கொள்கிறது.

எந்த உலோகம் என்பதில்தான் சூட்சுமம். கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கின் சூடு சக்கர பேரிங்குக்கு ஏறும். மழையும் மூடுபனியும் ஈரத்தை உள்ளே விடும். சோடியம் சோப்பு கிரீஸ் சூட்டைத் தாங்கும், ஆனால் தண்ணீர் பட்டால் வெள்ளையாகக் கரைந்து ஓடும், அது சோப்புதானே! பழைய வகைக் கால்சியம் கிரீஸைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது, ஆனால் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும். லித்தியம் சோப்பு இரண்டையும் தாங்குகிறது. 180 டிகிரியைத் தாண்டித்தான் சொட்டத் தொடங்கும். 1940களில் வந்த இந்த லித்தியம் கிரீஸ்தான் இன்று வண்டிகளில் பரவலாக இருப்பது. அதற்கான கொழுப்பு அமிலம் நம் ஆமணக்கெண்ணெயிலிருந்து வருகிறது. அந்தச் சங்கிலியின் 12ஆவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி, தொங்குகிறது. ஹைட்ரஜன் ஏற்றி இரட்டைப் பிணைப்பை நிமிர்த்தினால் 12-ஹைட்ராக்சி ஸ்டியரிக் அமிலம். அந்தத் தொங்கலால்தான் நார்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன.

(காட்சி: அருவங்காடு ரயில் நிலையப் பெயர்ப்பலகை.)

கொத்தின் பற்கள் போக மிஞ்சிய கிளிசராலை மறந்துவிட்டோம். 1779இல் சுவீடன் வேதியியலாளர் ஷீலே ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்சைடோடு காய்ச்சியபோது கிடைத்த இனிப்பான திரவம் இது. அதாவது அவர் ஈயச் சோப்பு செய்திருக்கிறார், மிச்சத்தை ருசித்திருக்கிறார். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். சோப்பு ஆலைகளில் சமையல் உப்பைக் கொட்டினால் சோப்பு மேலே ஒதுங்கும், கிளிசரால் அடியில் உள்ள நீரோடு தங்கும். அதை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்தால் நைட்ரோகிளிசரின். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே அருவங்காட்டில் 1903இல் நிறுவிய தொழிற்சாலையின் பெயரிலேயே இருக்கும் கார்டைட், நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் சேர்ந்த புகையற்ற வெடிமருந்து. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் சமையற்கூடக் கழிவுக் கொழுப்பைச் சேகரித்தது இந்தக் கிளிசராலுக்காகத்தான்.

வீட்டுச் சோப்பில் கிளிசரால் பிரிக்கப்படாமல் உள்ளேயே இருக்கும். தோலுக்கு நல்லது. அலமாரிக்கு நல்லதில்லை; காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும்.

(காட்சி: மரத்தட்டில் சோப்புக் கட்டிகள். மேலே முத்து முத்தாக நீர்.)

நான்கு வாரம் உலர்த்தினால் போதும் என்கிறார் அக்கா. மேட்டுப்பாளைய வெயிலுக்கு அது சரி. இங்கே நான் நாள்காட்டியை நம்புவதில்லை, வாரம் ஒரு முறை ஒரே கட்டியைத் தராசில் வைக்கிறேன். எடை இறங்குவது நின்றால் எடுத்துப் பயன்படுத்தலாம். போன ஜூலையில், மூடுபனி ஜன்னலுக்குள் புகுந்த ஒரு வாரத்தில், 96 கிராமாக இருந்த கட்டி 98 கிராம் காட்டியது.