கல் போல ஒரு கட்டி

நேயர்களுக்கு வணக்கம். குழந்தையைக் குளிப்பாட்டும்போது கன்னத்திலோ கழுத்திலோ ஏதோ ஒன்று கையில் தட்டுப்படும். பட்டாணி அளவுதான். அழுத்தினால் தோலுக்கடியில் கூழாங்கல் புதைந்த மாதிரி இருக்கும். கொழுப்புக் கட்டி என்று அலட்சியமாகவோ, புற்றுநோய் என்று அழுதுகொண்டோ பெற்றோர் வருவார்கள். அது இரண்டுமே இல்லாமலும் இருக்கலாம்.

அப்படி ஒரு கட்டிதான் பைலோமேட்ரிகோமா. பெயர்தான் பெரிது, ஆள் சாது. அரிதாகத்தான் வரும். வந்தால் பெரும்பாலும் தலை, கழுத்து, கையில்.

மயிர்க்காலின் அடியில் முடியை உண்டாக்கும் செல்கள் இருக்கின்றன. பீட்டா கேட்டனின் என்ற புரதத்தின் மரபணுவில் பிழை நேர்ந்தால், அவற்றுக்கு வளரச் சொல்லும் கட்டளை ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். அவை முடியாக மாறப் பார்க்கும். முடியாமல் பாதியில் செத்து, உட்கரு மறைந்து, வெறும் கூடாக நிற்கும். நுண்ணோக்கியில் பார்ப்பவர்கள் அவற்றைப் பேய்ச் செல்கள் என்பார்கள். பயப்படாதீர்கள், வெறும் பெயர்தான். அந்தச் செத்த கூடுகளில் கால்சியம் படிவதால்தான் கட்டி கல்லாகிறது. சிலர் வீட்டில் சுண்ணாம்பு தடவிவிட்டு வருவார்கள். உள்ளேயே சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, வெளியே வேறு எதற்கு? தோல் வெந்து புண்ணாவதுதான் மிச்சம்.

1880-இல் பிரான்சில் மாலெர்ப், ஷெனான்டே என்ற இருவர் இதை விவரித்தபோது, எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து வருவதாக நினைத்தார்கள். மூலம் மயிர்க்கால்தான் என்று தெளிவாக்கி, இன்றைய பெயருக்கு வழிசெய்தவர்கள் ஃபோர்பிஸும் ஹெல்விக்கும். அது 1961-இல்.

மேல்தோலை இழுத்துப் பிடித்தால் கட்டி கூடாரம் போல மூலை மூலையாகத் தெரியும். கைதேர்ந்த மருத்துவருக்கு அதுவே பெரிய தடயம். ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் சோதனை மட்டும் சில சமயம் புற்றுநோய் மாதிரி காட்டி ஏமாற்றிவிடும். அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

கட்டி பொதுவாகத் தானாகக் கரையாது. சின்ன அறுவைச் சிகிச்சையில் முழுதாக எடுத்துவிட்டால் திரும்ப வருவது அபூர்வம். எடுத்ததைக் கட்டாயம் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஏனென்றால், மிக அரிதாக இதிலும் புற்றுநோய் உண்டு. பெரியவர்களுக்கு வேகமாக வளர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், ஒருவருக்கே பல கட்டிகள் வந்தால் குடும்பத்தில் தசை நோய் இருக்கிறதா என்றும் விசாரிப்போம். மயோடோனிக் டிஸ்ட்ரோஃபி என்ற பரம்பரைத் தசை நோயோடு இது சேர்ந்து வருவதுண்டு.