நூலகம் ஏன் ஆற்றங்கரையை விட்டுப் போனது? நேயர் கேள்விக்கு விளக்கம்

எல்லோருக்கும் வணக்கம். வழக்கமாக நான்கைந்து கேள்விகளை எடுத்துக்கொள்வேன். இந்த வாரம் ஒன்றுதான். படித்த நாளிலிருந்து மனதை விட்டுப் போகவே இல்லை.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் தலைநகரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஊர் பெயர் டெமாய்ன். ஆங்கிலத்தில் எழுதும்போது அதில் இரண்டு எஸ் வரும். உள்ளூர்க்காரர்கள் இரண்டையும் சொல்வதில்லை. கேள்வியை அப்படியே படிக்கிறேன்: "ஐயா, ஆற்றங்கரையில் 1903இல் திறந்த அவ்வளவு அழகான பழைய நூலகக் கட்டடம் இருக்கும்போது, அதை விட்டுவிட்டு நகரின் மேற்குப் பக்கத்தில் எதற்கு ஒரு கண்ணாடிக் கட்டடம் கட்டினார்கள்? நூலகம் ஆற்றங்கரையிலேயே இருந்திருக்கக் கூடாதா?"

தம்பி, நல்ல கேள்வி. எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வியும்கூட, ஏனென்றால் மகன் அங்கே வேலையில் இருந்தபோது அந்த ஊரில் இரண்டு குளிர்காலம் கழித்திருக்கிறேன். அந்தப் பழைய கட்டடத்தின் வாசலிலும் நின்றிருக்கிறேன், புதியதின் வாசலிலும் நின்றிருக்கிறேன். வாசல் என்று ஏன் சொல்கிறேன் என்பது தொடர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு பொதுக் கட்டடத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் முதலில் அதன் வாசலுக்குப் போய் நில்லுங்கள். யார் உள்ளே போகிறார்கள், தினமும் போகிறார்களா, விரும்பிப் போகிறார்களா, வேறு வழியில்லாமல் போகிறார்களா என்று பாருங்கள். கன்சாஸ் சிட்டி நூலகத்தைப் பற்றிப் பேசியபோதும் இதையேதான் சொன்னேன். காலியாகக் கிடந்த ஒரு பழைய வங்கிக் கட்டடத்துக்குள் 2004இல் நூலகம் குடிபோனது. பணப் பெட்டகம் இருந்த அறையே சின்னத் திரையரங்கம் ஆனது. வங்கி மூடிய பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு தெருமுனைக்குக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாக்கள் வர ஆரம்பித்தார்கள்.

சரி, டெமாய்னுக்கு வருவோம். அந்த ஊரைப் புரிந்துகொள்ள லோகஸ்ட் தெரு என்ற ஒரே தெரு போதும். கிழக்கே மேட்டின் மேல் தங்கக் கோபுரத்தோடு மாநில சட்டமன்றக் கட்டடம் இருக்கிறது. அதன் முன்னால் நின்று மேற்கே பார்த்தால் லோகஸ்ட் தெரு நூல் பிடித்தாற்போல் கீழே இறங்கி, பாலத்தில் ஏறி ஆற்றைத் தாண்டி, நகரத்தின் மையத்துக்குள் போகும். பாலம் முடிகிற இடத்தில், லோகஸ்ட் தெரு 100ஆம் எண், தம்பி சொல்லும் பழைய நூலகம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் ஆற்றங்கரை என்றால் யாரும் விரும்பிப் போகிற இடம் இல்லை. கிடங்குகளும் குப்பையும்தான். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் வெள்ளை வெளேரென்று வரிசையாக நின்ற கட்டடங்களைப் பார்த்துவிட்டு, அமெரிக்காவின் பல நகரங்களுக்கு அதே மாதிரி அழகு வேண்டும் என்ற ஆசை வந்தது. டெமாய்னுக்கும் வந்தது. வந்த ஆசையை ஆற்றின் இரண்டு கரைகளிலும் செயலில் காட்டினார்கள். மேற்குக் கரையில் நூலகம், கொலிசியம் என்ற பெரிய அரங்கம், தபால் நிலையம். எதிர்க்கரையில் 1911இல் நகர மண்டபம், அப்புறம் நகராட்சி நீதிமன்றம், 1929இல் மத்திய அரசின் நீதிமன்றம். முதுகைக் காட்டிக்கொண்டிருந்த ஊர் ஆற்றின் பக்கம் முகத்தைத் திருப்பியது.

அந்த நகர மண்டபத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். 1907இல் டெமாய்ன் தன் நிர்வாக முறையையே மாற்றியது. வட்டாரத்துக்கு ஒருவர் என்று இருந்த பழைய முறையை விட்டு, ஊர் முழுவதும் சேர்ந்து ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஒரு துறையைக் கொடுத்தார்கள். டெமாய்ன் திட்டம் என்றே அதற்குப் பெயர், வேறு பல நகரங்களும் அதைப் பின்பற்றின. அந்தப் புதிய நிர்வாகத்துக்குக் கட்டிய மண்டபத்தில் முக்கியத் தளம் முழுவதும் ஒரே பெரிய திறந்த கூடம். ஊழியர்களுக்கு இடையே தடுப்புச் சுவர் கிடையாது. வரி கட்ட வருகிறவர் உள்ளே நுழைந்ததும் யார் வேலை செய்கிறார், யார் சும்மா இருக்கிறார் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நேர்மை வேண்டும் என்று எழுதி மாட்டாமல், சுவரை எடுத்துவிட்டு அதைச் சாதித்தார்கள். எனக்கு அது பெரிய பாடமாகப் படுகிறது.

இப்போது தம்பியின் கேள்வி. நூலகத்தை ஏன் மாற்றினார்கள்? முதல் காரணம் எளிது. நூறு வருடத்துக்கு முந்தைய நூலகம் புத்தகத்தைப் பாதுகாக்கக் கட்டியது. இன்றைய நூலகத்துக்குக் குழந்தைகள் சத்தம் போட ஒரு இடம், கூட்டம் நடத்த ஒரு இடம், கணினி, சக்கர நாற்காலி போகிற வழி எல்லாம் வேண்டும். பழைய கட்டடத்தில் இடம் போதவில்லை. ஆனால் புதியதை எங்கே கட்டுவது என்பதுதான் உண்மையான விஷயம்.

மையப் பகுதியின் மேற்கே, பத்தாம் தெருவிலிருந்து பதினைந்தாம் தெரு வரை, கார் விற்கும் கடைகள், பட்டறைகள், கிடங்குகள் என்று நலிந்துபோன ஒரு பகுதி இருந்தது. 1990 வாக்கில் மாரியோ காண்டெல்சோனஸ் என்ற கட்டடக் கலைஞர் தலைமையில் நகரத்துக்கு ஒரு தொலைநோக்குத் திட்டம் போட்டார்கள். மேற்கிலிருந்து காரில் வருகிறவர் ஊருக்குள் நுழைகிற இடம் இது, இதைத் திறந்துவிட்டுப் பூங்காவாக்கலாம் என்ற எண்ணம் அப்படி வளர்ந்தது. வெஸ்டர்ன் கேட்வே என்று அதற்குப் பெயர்.

வெறும் பூங்கா என்றால் என்ன ஆகும்? நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். பூங்காவுக்கு வெயில் நாளில்தான் ஆள் வரும். அயோவாவில் ஜனவரி மாதம் மூச்சு விட்டால் மீசையில் பனி படியும். அந்த ஊரின் மையத்தில் கட்டடத்துக்குக் கட்டடம் இரண்டாவது மாடி உயரத்தில் கண்ணாடி போட்ட நடைபாதைகள் உண்டு, 1980களில் ஆரம்பித்து மைல் கணக்கில் நீண்டுவிட்டது. நானும் குளிருக்குப் பயந்து அதில்தான் நடந்தேன். ஒரு நாள் மதியம் அதிலிருந்து கீழே எட்டிப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம், மேலே தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். கீழே தெருவில் ஒரு ஆள் இல்லை. சிக்னல் மட்டும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாறிக்கொண்டே இருந்தது. அப்படி ஒரு ஊரில், பூங்காவுக்கு வருடம் முழுவதும் ஆள் வர வேண்டும் என்றால், மழையானாலும் பனியானாலும் மக்கள் தானாகத் தேடி வருகிற ஒரு வாசல் அங்கே வேண்டும். அதற்கு நூலகத்தை விட்டால் என்ன இருக்கிறது?

அதனால்தான் 2006 ஏப்ரலில், பூங்காவின் கிழக்கு முனையில் புதிய நூலகத்தைத் திறந்தார்கள். வடிவமைத்தவர் டேவிட் சிப்பர்ஃபீல்ட், பிரிட்டன்காரர். கட்டடக் கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசை 2023இல் வாங்கினார். தம்பி அதைக் கண்ணாடிக் கட்டடம் என்கிறார். கிட்டே போய்ப் பாருங்கள், தம்பி. மூக்கு கண்ணாடியில் படுகிற அளவுக்குக் கிட்டே. மூன்று அடுக்குக் கண்ணாடி, நடுவே செம்புத் தகட்டு வலை. பகலில் வெளியே இருந்து பார்த்தால் பழைய செம்புப் பாத்திரத்தின் பளபளப்பு. உள்ளே போய் உட்கார்ந்தால் அந்த வலை கண்ணை உறுத்துவதே இல்லை. வெயில் மட்டுப்பட்டு, பூங்கா முழுவதும் தெரிகிறது. ராத்திரி விளக்கு போட்டதும் எல்லாம் தலைகீழ். செம்பு மறைந்துபோய், யார் எந்த அலமாரி பக்கத்தில் நிற்கிறார் என்பதுவரை வெளியே தெரியும். அப்புறம் அதற்கு இதுதான் முன்பக்கம், இதுதான் பின்பக்கம் என்று கிடையாது. ஆகாய விமானத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் கை நீட்டிக் கிடக்கிறது, எந்தத் தெருவுக்கும் முதுகைக் காட்டுவதில்லை.

அதன் பின் நடந்ததைப் பாருங்கள். 2009இல் அதே பூங்காவில் ஜான், மேரி பாப்பஜான் தம்பதி தங்கள் சேகரிப்பிலிருந்து கொடுத்த சிற்பங்களை வைத்து ஒரு சிற்பப் பூங்கா திறந்தார்கள். எழுத்துகளாலேயே பின்னி உட்கார்த்தி வைத்த மனித உருவம் ஒன்று உண்டு, ஹாவ்மே ப்ளென்சா செய்தது. உள்ளே நுழைந்து நிற்கலாம். என் பேத்தி அதற்குள் நின்று தன் பெயரின் முதல் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். 2018இல் ரென்சோ பியானோ என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த ஒரு நிறுவனத் தலைமையகம் அந்தப் பூங்காவைப் பார்த்து எழுந்தது. நூலகம் ஒன்றே இதையெல்லாம் செய்தது என்று சொல்ல மாட்டேன். நன்கொடை, நகரத்தின் பணம், காப்பீட்டு நிறுவனங்களின் செழிப்பு எல்லாம் சேர்ந்தது. ஆனால் பொதுப் பணத்தில் கட்டிய ஒரு வாசல் அங்கே முன்கூட்டியே திறந்திருந்தது.

பழைய கட்டடம் வீணாகவும் இல்லை. உலக உணவுப் பரிசு அமைப்பு அதை எடுத்துப் புதுப்பித்து, 2011இல் பரிசு பெற்றவர்களுக்கான மாளிகையாகத் திறந்தது. வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக் ஏற்படுத்திய பரிசு அது. போர்லாக் அயோவாவில் பிறந்தவர். 1987இல் அதை முதன்முதலாக வாங்கியவர் யார் தெரியுமா? கும்பகோணத்தில் பிறந்த நம் எம்.எஸ். சுவாமிநாதன். அந்தப் பரிசுப் பணத்தைக் கொண்டுதான் சென்னையில் தன் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த மாளிகையில் நிற்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆனால் வாசல் கணக்கு என்னை விடவில்லை. பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், விருந்தினர்கள் வருகிறார்கள், அக்டோபரில் பரிசு விழாவுக்கு உலகமே வருகிறது. புத்தகம் திருப்பிக் கொடுக்க வருகிறவரைப் போல் வாரம் தவறாமல் வருகிறவர் இல்லை. ஆற்றங்கரை இழந்தது அதைத்தான். அந்த அளவில் தம்பியின் வருத்தம் நியாயமானது.

ஆனால் தம்பி, நீங்கள் 100ஆம் எண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். 101ஆம் எண்ணைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும்.

தெருவின் எதிர்ப்பக்கம், ஆற்றை ஒட்டி, ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் இருந்தது. நீச்சல் குளம், உடற்பயிற்சி, தங்கும் அறைகள் என்று எந்நேரமும் ஆள் நடமாட்டம். அது வேறு இடத்துக்குப் போனதும், 2015 அக்டோபரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஊரின் மையத்தில், பாலத்தின் வாயில், சட்டமன்றத்தின் தங்கக் கோபுரத்தைப் பார்த்தபடி ஒரு வெற்று மனை. கீழே கடைகள், மேலே வீடுகள், ஆற்றைப் பார்த்த உணவகம் என்று நகரம் கனவு கண்டது. மத்திய அரசின் கட்டடங்களைக் கவனிக்கும் துறை அந்த மனையைப் புதிய நீதிமன்றத்துக்கு எடுத்துக்கொண்டது. நகர நிர்வாகம் எதிர்த்தது, பொதுமக்களும் எதிர்த்தார்கள். வேறு மனைகள் இருக்கின்றன என்றும் சொல்லிப் பார்த்தார்கள். முடிவு மாறவில்லை. இப்போது கட்டடம் எழுந்து நிற்கிறது.

நீதிமன்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கைதி ஒரு வழி, நீதிபதி ஒரு வழி, பொதுமக்கள் ஒரு வழி என்று பிரிக்க 1929ஆம் வருடத்துக் கட்டடத்தில் முடியாது. எதிர்க்கரையில் தொண்ணூறு வருடம் ஒரு நீதிமன்றம் இருந்ததே, இங்கே இருந்தால் என்ன என்று கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. ஆனால் அன்றைய நீதிமன்றம் தெருவோடு ஒட்டி நின்றது. 1995இல் ஓக்லஹோமா சிட்டியில் மத்திய அரசு அலுவலகத்தின் வாசலில் லாரியில் குண்டு வைத்து 168 பேரைக் கொன்ற பிறகு, மத்திய அரசு எதைக் கட்டினாலும் தெருவிலிருந்து தள்ளித்தான் கட்டுகிறது. வண்டி நெருங்காதபடி தடுப்புத் தூண்கள் வரும். கீழ்த்தளத்தில் டீக்கடை வராது. சோதனை செய்யும் ஒரே வாசல்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அதற்கும் வேலை இல்லை. மத்திய அரசு நகரத்துக்குச் சொத்து வரியும் கட்டாது. அப்படிப்பட்ட கட்டடத்துக்கு ஊரில் பத்து இடம் பொருந்தும். பாலத்தின் வாயில் இருக்கிற மனை ஊருக்கு ஒன்றுதான்.

தம்பி, ஒரு உதவி செய்யுங்கள். மே மாதத்திலிருந்து சனிக்கிழமை காலையில் கோர்ட் அவென்யூவில் உழவர் சந்தை நடக்கும். காய்கறிப் பையோடு கூட்டம் அலைமோதும். அங்கிருந்து கொஞ்சம் வடக்கே நடந்தால் லோகஸ்ட் பாலம். பாலத்தின் மேற்கு முனையில் நின்று, 100, 101 இரண்டு வாசல்களையும் ஐந்து நிமிடம் போனில் படம் பிடித்து அனுப்புங்கள். அப்படியே பத்தாம் தெரு வரை நடந்து, நூலக வாசலிலும் ஐந்து நிமிடம். அடுத்த பேச்சில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடுகிறேன். எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.