இடம் மாறாத பிரசங்க பீடம்

நேயர்களுக்கு வணக்கம்.

அருங்காட்சியகம் என்றால் எங்கெங்கோ கிடந்த பொருள்களைக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். ஸ்காட்லாந்தின் வடகோடியில், பெட்டிஹில் என்ற கடலோரச் சிற்றூரில் இருக்கும் ஸ்ட்ராத்நேவர் அருங்காட்சியகத்தில் மிக முக்கியமான பொருள் அப்படி வந்ததல்ல. அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் ஃபார் என்ற வட்டாரத்துக் கிறிஸ்தவ சபையின் கோயில். 1774இல் கட்டியது. வெள்ளையடித்த சுவர்கள், ஆடம்பரம் எதுவும் கிடையாது. உள்ளே உயரமான மரப் பிரசங்க பீடம் ஒன்று. அதைத்தான் சொல்கிறேன்.

ஊருக்குத் தெற்கே நேவர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. மெக்கே குலத்தவர் தலைமுறை தலைமுறையாக அங்கே மாடு வளர்த்து, கொஞ்சம் பயிர் செய்து, கேலிக் மொழி பேசி வாழ்ந்தார்கள். நிலம் சதர்லாந்து சீமாட்டி எலிசபெத்தின் எஸ்டேட்டைச் சேர்ந்தது. குடியானவர்கள் தரும் குத்தகையைவிடச் செம்மறி ஆட்டுப் பண்ணை அதிக வருமானம் தரும் என்று எஸ்டேட் கணக்குப் போட்டது. குடிகளைக் காலி செய்ய வைக்கும் வேலையைப் பார்த்தவர் காரியஸ்தர் பாட்ரிக் செல்லர். காலியான நிலத்தில் ஆட்டுப் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தவரும் அவரேதான்!

1814இல் வீடுகளின் கூரையைப் பிரித்து எரித்தார்கள். ஏன் எரிக்க வேண்டும்? மரம் அரிதான நாடு அது. உத்தரமும் கைமரமும் இருந்தால் ஜனங்கள் திரும்பி வந்து வீடு கட்டிவிடுவார்கள். அந்தச் சம்பவங்களில் உயிர்ப்பலி நேர்ந்ததாக செல்லர்மேல் வழக்கு வந்தது. 1816இல் இன்வர்னெஸ் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

சரி, பீடத்துக்கு வருவோம். 1819இல் இன்னும் பெரிய அளவில் வெளியேற்றம் நடந்தது. அதற்கான அறிவிப்பைப் போதகர் டேவிட் மெக்கென்சி இந்தப் பீடத்தில் நின்றுதான் வாசித்தார் என்று சொல்கிறார்கள். வேதத்தை வாசித்த அதே குரல், அதே உயரம். கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?

அப்புறம் அவர்களைக் கடற்கரையில் துண்டு நிலங்களில் குடியமர்த்தி, மீன் பிடித்துப் பிழைக்கச் சொன்னார்கள். மாடு மேய்த்தவர்கள் படகேற வேண்டியதாயிற்று. பெட்டிஹில் அப்படி உண்டான ஊர்தான். பெட்டி என்பது எலிசபெத்தின் செல்லப் பெயர். துரத்திய சீமாட்டியின் பெயரையே ஊருக்கும் வைத்தார்கள் என்பதை என்னால் அவ்வளவு எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

பிற்காலத்தில் கோயிலில் ஆராதனை நின்றுபோனது. 1976இல் கட்டடம் அருங்காட்சியகமானது. பீடத்தை அகற்றவில்லை. அதைச் சுற்றித்தான் மற்றப் பொருள்களை வைத்திருக்கிறார்கள்.

வெளியே கல்லறைத் தோட்டத்தில் ஃபார் கல் நிற்கிறது. ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையான சிலுவைக் கல். அடியில் கழுத்தைப் பின்னிக்கொண்ட இரண்டு பறவைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அதையும் பார்த்துவிட்டு ஆற்றோரமாகத் தெற்கே போனால் ரோசல் என்ற இடம் வரும். அங்கே வீடுகளின் அடிச்சுவர்கள் மட்டும் புல்லுக்குள் தெரியும்.