இன்னும் வேலைக்கு வராதவரின் சம்பளம்

எல்லோருக்கும் வணக்கம். நெருக்கடியில் மாட்டிக்கொண்ட கார் கம்பெனிகளில் தொழிற்சங்கங்கள் சம்பளத்தை விட்டுக்கொடுத்த கதையைப் பேசச் சொன்னார்கள். பெரும்பாலும் அமெரிக்காவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால் இந்தக் கதை எனக்கு அமெரிக்கக் கார் நகரமான டெட்ராய்ட்டில் தொடங்கவில்லை, எங்கள் கேன்டீனில் தொடங்கியது.

அம்பத்தூர் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். சங்கத்தில் பொருளாளராக இருந்தேன். ஒரு வருடம் ஆர்டர் பாதியாக விழுந்துவிட்டது. நிர்வாகம் எல்லோரையும் கேன்டீனில் கூட்டி, சுவரில் கணக்கைக் காட்டியது. பொய்க் கணக்கு என்று சொல்லமாட்டேன், ஏடுகளை நானே புரட்டிப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்குப் பஞ்சப்படியை நிறுத்திவைக்கக் கேட்டார்கள். ஒரு வாரம் கேட் மீட்டிங் போட்டுப் பேசினோம், கடைசியில் கையெழுத்துப் போட்டோம். நிறுத்திய பஞ்சப்படி திரும்ப வர ஐந்து வருடம் ஆனது. ஆனாலும் வந்தது. அந்த ஒப்பந்தத்திலேயே இன்னொரு வரியும் இருந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

யுஏடபிள்யூ என்று சொல்லப்படும் அமெரிக்க வாகனத் தொழிலாளர் சங்கம் 1935-இல் பிறந்தது. அதை ஒரு சக்தியாக ஆக்கியது மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரம். 1936 டிசம்பர் 30-ஆம் தேதி ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்குள் தொழிலாளர்கள் வெளியே போகாமல் உட்கார்ந்துவிட்டார்கள். குளிர்காலம். கம்பெனி சூடேற்றும் வசதியை நிறுத்தியது. போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியபோது, உள்ளே இருந்தவர்கள் தீயணைப்புக் குழாயைத் திருப்பிப் பீய்ச்சினார்கள். கார் கதவுக்குப் போடும் கீல்களை எடுத்து எறிந்தார்கள். 44 நாள் கழித்து, 1937 பிப்ரவரி 11-இல் கம்பெனி சங்கத்தை அங்கீகரித்தது.

அப்புறம் வந்த ஒப்பந்தங்களில் இரண்டு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள். 1948-இல் விலைவாசியோடு சேர்ந்து ஏறும் படி கிடைத்தது. நம் ஊர்ப் பஞ்சப்படியேதான். 1950-இல் கையெழுத்தான ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் வந்தன. அன்றைய தலைவர் வால்டர் ரூதர், எல்லா மக்களுக்கும் அரசே மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று கேட்டவர். அரசு தரவில்லை. அதனால் சங்கம் அதைக் கம்பெனியிடம் வாங்கியது. ஐம்பது வருடம் கழித்து அந்தச் சுமை எப்படித் திரும்பி வந்தது என்று பார்க்கப்போகிறோம்.

முதல் பெரிய விட்டுக்கொடுப்பு 1979-இல், கிரைஸ்லரில். கம்பெனி மூழ்கிக்கொண்டிருந்தது. 150 கோடி டாலர் கடனுக்கு அரசு ஜாமீன் நிற்க ஒப்புக்கொண்டது, தொழிலாளர்களும் சம்பளத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. சங்கம் விட்டுக்கொடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு ஆட்களைவிடக் குறைந்த சம்பளத்துக்குக் கிரைஸ்லர் ஆட்கள் உழைத்தார்கள். பதிலுக்குச் சங்கத் தலைவர் டக்ளஸ் ஃப்ரேசருக்கு 1980-இல் இயக்குநர் குழுவில் இடம் கிடைத்தது. கம்பெனித் தலைவர் லீ ஐயகோக்கா வருடத்துக்கு ஒரு டாலர் சம்பளம் என்று அறிவித்துக்கொண்டார். 1983-இலேயே கடன் அடைந்தது, கெடுவுக்கு ஏழு வருடம் முன்னால்.

இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். கம்பெனி பிழைத்தது. சம்பளம் குறைந்தபோது எல்லோருக்கும் சேர்ந்து குறைந்தது, ஏறியபோது எல்லோருக்கும் சேர்ந்து ஏறியது. ஆனால் கிரைஸ்லரைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் கையை நீட்டின. 1982-இல் ஜெனரல் மோட்டார்ஸ் விட்டுக்கொடுப்பு ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டு, கையெழுத்தான சூடு ஆறுவதற்குள் மேலதிகாரிகளின் போனஸ் திட்டத்தை உயர்த்தியது. தொழிலாளர்கள் கொதித்துப்போனார்கள். கனடாவில் இருந்த தோழர்கள் இந்தப் பாதையே வேண்டாம் என்றார்கள். அதே 1982-இல் கிரைஸ்லரின் கனடா ஆலைகளில் வேலைநிறுத்தம் செய்து சம்பள உயர்வு வாங்கினார்கள். 1985-இல் பாப் வைட் தலைமையில் தாய்ச் சங்கத்தை விட்டே பிரிந்து, தனிச் சங்கம் கண்டார்கள்.

இனி 2007, 2008, 2009. இந்த மூன்று வருடத்தில் கொஞ்சம் நிற்போம்.

2008 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் என்ற மூன்று கம்பெனிகளின் தலைவர்களும் உதவி கேட்டு வாஷிங்டன் போனார்கள், ஆளுக்கொரு தனி விமானத்தில். நாடே அதைப் பேசியது. அதோடு சேர்ந்து இன்னொரு பேச்சும் பரவியது: கார் தொழிலாளி மணிக்கு 70 டாலர் வாங்குகிறான், அதனால்தான் கம்பெனி விழுந்தது என்று. பத்திரிகையில் வந்தது, தொலைக்காட்சியில் வந்தது, செனட்டர்களும் சொன்னார்கள்.

உண்மையில் லைனில் நிற்பவரின் கைக்கு வந்தது மணிக்கு 28 டாலர் அளவில். 70 எங்கிருந்து வந்தது? கம்பெனி அந்தச் சம்பளத்தோடு ஓவர்டைம், விடுப்பு, காப்பீடு போன்ற சலுகைகளைச் சேர்த்து, அதற்கு மேல் தன் ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் மருத்துவச் செலவையும் ஓய்வூதியத்தையும் கூட்டி, எல்லாவற்றையும் இப்போது வேலை செய்பவர்களின் மணிக்கணக்கால் வகுத்தது. வேலையில் இருப்பவர்களைவிட ஓய்வுபெற்றவர்கள் பல மடங்கு அதிகம். தாத்தாவின் ஆஸ்பத்திரி பில்லைப் பேரனின் சம்பளத்தில் எழுதி, "பையன் எவ்வளவு வாங்குகிறான் பாருங்கள்" என்று தெருவெல்லாம் சொல்வது மாதிரி. டொயோட்டா கென்டக்கியில் ஆலை திறந்தது 1988-இல். அங்கே தாத்தாக்களே அதிகம் இல்லை. அந்தக் கணக்கோடு இந்தக் கணக்கை ஒப்பிட்டார்கள். ரூதர் அன்று கேட்டதை அரசு செய்திருந்தால், இந்த 70 என்ற எண் பிறந்தே இருக்காது.

இன்னொன்றும் உண்டு. ஒரு காரின் விலையில் அதைப் பூட்டும் தொழிலாளர்களின் கூலி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. பெரிய வண்டிகளை நம்பியிருந்த கம்பெனிகளிடம் சின்ன வண்டி கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்கச் சரக்கு இல்லை. அதன் மேல் வங்கிகள் சரிந்தன, கார் கடன் நின்றது. 2007-இல் ஒரு கோடியே 60 லட்சம் வண்டி விற்ற நாட்டில் 2009-இல் ஒரு கோடியே சொச்சம்தான் விற்றது. லைனில் நிற்பவர் இலவசமாக உழைத்திருந்தால்கூட இந்தப் பள்ளம் மூடியிருக்காது. நம் மறைமலை நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றது. அங்கே யார் சம்பளம் அதிகமாக இருந்தது?

சரி, 2008 டிசம்பருக்கு வருவோம். செனட்டில் உதவி மசோதா. டென்னசி செனட்டர் பாப் கார்க்கர், தொழிலாளர்களின் சம்பளம் 2009-க்குள் அங்கிருக்கும் ஜப்பானியக் கம்பெனிகளின் அளவுக்கு இறங்க வேண்டும் என்று நின்றார். சங்கத் தலைவர் ரான் கெட்டல்ஃபிங்கர், ஒப்பந்தம் 2011 வரை இருக்கிறது, அதுவரை அவகாசம் கொடுங்கள் என்றார். எந்தத் தேதிக்குள் என்ற ஒரே விஷயத்தில் பேச்சு முறிந்தது. ஆதரவாக 52, எதிராக 35. வேண்டியது 60. மசோதா விழுந்தது. ஒரு வாரம் கழித்து அதிபர் புஷ் வேறு நிதியிலிருந்து 1,740 கோடி டாலர் கொடுத்தார், ஏறக்குறைய அதே நிபந்தனைகளோடு. 2009 ஏப்ரல் 30-இல் கிரைஸ்லரும், ஜூன் 1-இல் ஜெனரல் மோட்டார்ஸும் திவால் நீதிமன்றம் போயின. 2006-இலேயே தன் நீல நிறச் சின்னத்தைக்கூட அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்த ஃபோர்டு மட்டும் தப்பியது.

தொழிலாளர்கள் என்ன கொடுத்தார்கள்? பஞ்சப்படி போயிற்று. வேலை இல்லாத காலத்திலும் சம்பளம் தந்த ஏற்பாடு போயிற்று. ஜெனரல் மோட்டார்ஸிலும் கிரைஸ்லரிலும் சம்பளத்துக்காக 2015 வரை வேலைநிறுத்தம் செய்யமாட்டோம் என்று எழுதிக்கொடுத்தார்கள். ஓய்வுபெற்றவர்களின் மருத்துவ நிதிக்குக் கம்பெனி தர வேண்டிய பணத்தில் பெரும்பகுதி ரொக்கத்துக்குப் பதில் பங்குகளாக வந்தது. அந்த வயதானவர்கள் பல் சிகிச்சைக்கும் கண் சிகிச்சைக்கும் இருந்த காப்பீட்டை இழந்தார்கள். இதெல்லாம் வலிக்கிறது. ஆனால் பேயைக் கண்டது மாதிரி நான் நிற்பது இவற்றுக்கு முன்னால் இல்லை. 2007-இலேயே எழுதப்பட்ட வேறொன்றின் முன்னால்தான்.

ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம். பழைய ஆட்களுக்கு மணிக்கு 28 டாலர், புதிதாகச் சேருபவருக்கு 14-இல் தொடங்கும். ஓய்வூதியமும் பழைய மாதிரி கிடையாது. மேசைக்கு எதிரே உட்கார்ந்தவர்களுக்கு இது சுலபமான கையெழுத்து. ஓட்டுப் போடும் யாருக்கும் ஒரு சென்ட் குறையவில்லை. குறையப்போவது இன்னும் வேலைக்கே வராத ஒருவருக்கு. அவருக்கு ஓட்டு இல்லை, பெயர்கூடக் கிடையாது.

இப்போது எங்கள் ஒப்பந்தத்தில் இருந்த அந்த இன்னொரு வரிக்கு வருகிறேன். "இந்த ஒப்பந்தத் தேதிக்குப் பிறகு நியமிக்கப்படுவோருக்குத் தனி ஊதிய விகிதம் பொருந்தும்." அவ்வளவுதான். அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. பஞ்சப்படியைப் பற்றி நான்கு மணி நேரம் சண்டை போட்ட நாங்கள், இந்த வரியை ஐந்து நிமிடத்தில் கடந்தோம். மூன்று வருடம் கழித்து ட்ரெய்னியாக இருந்து பெர்மனன்ட் ஆன ஒரு பையன் என் மிஷினுக்குப் பக்கத்து மிஷினில் நின்றான். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன். அதே பீஸ், அதே டார்கெட், அதே ராத்திரி ஷிப்ட். முதல் மாதச் சம்பளச் சீட்டை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தான். என் சீட்டையும் கேட்டு வாங்கி, இரண்டையும் மிஷின் மேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தான். விரலில் இருந்த ஆயில் அடிப்படைச் சம்பளத்தின் மேல் கறையாகப் படிந்தது. "அண்ணே, எனக்குத் தப்பா அடிச்சிட்டாங்களா?" என்றான். தப்பாக அடிக்கவில்லை, அதில் என் கையெழுத்து இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆபீஸில் கேட்டுச் சொல்றேன்" என்றேன். அடுத்த ஒப்பந்தக் காலம் வந்தபோது சங்கக் கூட்டத்தில் அவன் வயதுப் பையன்கள் யாருமே வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது, பெரிய அளவில். ஒரே காருக்கு இந்தப் பக்கக் கதவு பூட்டுபவருக்கு ஒரு சம்பளம், அந்தப் பக்கக் கதவு பூட்டுபவருக்கு வேறு. சில வீடுகளில் அப்பாவுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. கம்பெனிகள் லாபத்துக்குத் திரும்பின, சம்பளம் திரும்பவில்லை. 2015-இல், ஃபியட்டோடு சேர்ந்து ஃபியட் கிரைஸ்லர் ஆகிவிட்ட கிரைஸ்லரில், கிட்டத்தட்ட பாதிப் பேர் குறைந்த சம்பளம் வாங்கும் இரண்டாம் தட்டில் இருந்தார்கள். தலைமை கொண்டுவந்த ஒப்பந்தத்தை அந்த வருடம் தொழிலாளர்களே நூற்றுக்கு 65 பேர் ஓட்டுப் போட்டு நிராகரித்தார்கள். இதற்கிடையே சங்கத்தின் மேல்மட்டத்தில் ஊழல் வெளிவந்தது. முன்னாள் தலைவர்கள் இரண்டு பேர் சிறைக்குப் போனார்கள். சங்கக்காரனாக இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும். கீழே இருப்பவர்களை விட்டுக்கொடுத்து, மேலே இருப்பவர்கள் சுகம் கண்டிருக்கிறார்கள்.

அதன் விளைவாக உறுப்பினர்களே நேரடியாகத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. 2023 மார்ச்சில் ஷான் ஃபெயின் ஜெயித்தார். பேச்சுவார்த்தையில் ஸ்டெல்லான்டிஸ் (ஃபியட் கிரைஸ்லர் இன்னொரு கம்பெனியோடு இணைந்தபின் வந்த பெயர்) கொடுத்த முன்மொழிவைக் கேமரா முன்னாலேயே குப்பைத் தொட்டியில் போட்டார். செப்டம்பர் 15-இல் மூன்று கம்பெனிகளிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம். சங்க வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. முதலில் மிச்சிகன், ஒஹையோ, மிசௌரியில் மூன்றே ஆலைகள். பேச்சு நகரவில்லை என்றால் இன்னும் சில. அடுத்து எந்த ஆலை என்று கம்பெனிக்குத் தெரியாது. வேலைநிறுத்த நிதியும் சீக்கிரம் கரையாது. சுமார் ஆறு வாரத்தில் மூன்று கம்பெனிகளும் இறங்கி வந்தன. 2028 வரையிலான காலத்துக்கு 25 சதவீத உயர்வு, அதில் 11 சதவீதம் கையெழுத்தானதுமே. 2009-இல் போன பஞ்சப்படி 14 வருடம் கழித்துத் திரும்பியது. புதிதாகச் சேர்ந்தவர் முழுச் சம்பளத்தை எட்ட எட்டு வருடம் என்று இருந்தது மூன்று வருடம் ஆனது. தற்காலிகமாக இருந்தவர்களில் சிலருக்குச் சம்பளம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது.

விட்டுக்கொடுக்கவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜெர்மனியில் 1993-இல் ஃபோக்ஸ்வாகன் 30,000 பேர் அதிகம் என்றது. சங்கம் பேசி, வார வேலை நேரத்தை 36 மணியிலிருந்து 28.8 மணியாகக் குறைத்தது. வருடச் சம்பளமும் குறைந்தது, எல்லோருக்கும். யாரையும் வெளியே அனுப்பவில்லை. வீட்டில் அரிசி குறைந்தால் எல்லோர் தட்டிலும் ஒரு கரண்டி குறைப்போம். இனிமேல் பிறக்கும் பிள்ளைக்கு அரைத் தட்டுதான் என்று எந்த வீட்டிலும் எழுதி வைப்பதில்லை. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ட்ரெய்னி, அப்ரண்டிஸ், கான்ட்ராக்ட் என்று பெயர் மாறி மாறி லைனில் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

2023 வெற்றியிலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. 2007-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியமும், ஓய்வுக்குப் பிந்தைய மருத்துவக் காப்பீடும் இன்னும் திரும்ப வரவில்லை. கேட்டார்கள், கம்பெனிகள் அசையவில்லை. ஒரு நாள் பேச்சில் போனது, 16 வருடமும் ஒரு வேலைநிறுத்தமும் கடந்தும் முழுசாக வரவில்லை. இந்த ஒப்பந்தம் 2028 ஏப்ரல் 30 நள்ளிரவு முடிகிறது, மே தினத்துக்கு முந்தைய ராத்திரி. அந்தத் தேதியைச் சங்கம் வேண்டுமென்றே வைத்தது, மற்ற சங்கங்களும் தங்கள் ஒப்பந்தங்களை அன்றைக்கே முடியும்படி வைக்கச் சொல்லி அழைப்பும் விடுத்திருக்கிறது.