கத்தி எட்டாத இடம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஒருமுறை ஒருவர் என் அறைக்குள் வந்து, உட்காருவதற்கு முன்பே தடித்த ஃபைல் ஒன்றை மேசைமேல் வைத்தார். நான்கு ஆண்டு ரிப்போர்ட்டுகள். அப்புறம் நாற்காலியின் ஓரத்தில், ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "மாத்திரையெல்லாம் போதும் டாக்டர், அந்தச் சுரப்பியையே எடுத்துவிடுங்கள்" என்றார். அவர் சொன்னது, நாள்பட்ட அழற்சி என்று சொல்லப்பட்ட தன் புராஸ்டேட்டை.

கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. சீழ் பிடித்த குடல்வாலை எடுக்கிறோம், சொத்தைப் பல்லைப் பிடுங்குகிறோம். இதை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

புராஸ்டேட் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சிறிய சுரப்பி. இளம் வயதில் சுமார் 20 கிராம். அதில் நாள்பட்ட அழற்சி என்று சொல்லப்படுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கிருமியே அகப்படாது. சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் யூரின் கல்ச்சர் சுத்தமாக வரும், வலி மட்டும் போகாது. அடிவயிற்றில், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில், சிலருக்கு விந்து வெளியேறும் நேரத்தில். மீதிச் சிலருக்குத்தான் உண்மையிலேயே பாக்டீரியா. அவர்களுக்கு 4 முதல் 6 வாரம் ஆண்டிபயாடிக் கொடுப்போம். நின்ற பிறகு அதே கிருமி திரும்பி வருவதும் உண்டு.

சரி, அறுவைக்கு வருவோம். பலரும் கேள்விப்பட்டது டி.யூ.ஆர்.பி. சிறுநீர்க்குழாய் வழியாகக் கருவியை உள்ளே செலுத்தி, நுனியில் வளைத்த மெல்லிய கம்பியில் மின்சாரம் பாய்ச்சி, புராஸ்டேட்டின் உட்புறத்தைச் சீவல் சீவலாகச் செதுக்கி எடுப்பது. முதுமையில் சுரப்பி வீங்கிச் சிறுநீரை அடைக்கும்போது இது அருமையான சிகிச்சை. ஏனென்றால் அந்த வீக்கம் வளர்வது உட்புறத்தில், குழாயை ஒட்டி. அழற்சி பெரும்பாலும் குடியிருப்பதோ வெளிப்புறப் பகுதியில். சுரப்பித் திசுவில் சுமார் 70 சதவீதம் அங்கேதான் இருக்கிறது. உள்ளிருந்து சீவிக்கொண்டு வரும் கம்பி அந்த ஓரம்வரை போவதில்லை. போகவும் கூடாது. அதைத் தாண்டினால் நரம்புகளும் மலக்குடலும்தான். நடுக்கூடத்தைப் பெருக்கிவிட்டுக் கொல்லைப்புறக் குப்பை ஏன் போகவில்லை என்று கேட்பது மாதிரி. தவிர, டி.யூ.ஆர்.பி. செய்துகொண்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் விந்து முன்னால் வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் குழந்தை வேண்டும் என்றிருக்கும் முப்பது வயதுக்காரரிடம் இதைக் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் கத்திக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. சீழ்க்கட்டி பிடித்தால் வெறும் மருந்தை நம்பிக் காத்திருக்க முடியாது. குளிர்காய்ச்சல், சிறுநீர் அடைப்போடு வருவார்கள், பலருக்குக் கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் இருக்கும். கட்டி பெரிதாக இருந்தால் ஸ்கேனைப் பார்த்து ஊசி வழியாகவோ, சிறுநீர்க்குழாய் வழியாகத் திறந்துவிட்டோ சீழை வடிக்க வேண்டும். இன்னொன்று, சுரப்பிக்குள் உள்ள கற்கள். பலருக்கும் கற்கள் உண்டு, எந்தத் தொல்லையும் தராமல் கிடக்கும். அவற்றில் கிருமி ஒளிந்துகொண்டு ஒரே தொற்றைத் திரும்பத் திரும்ப எழுப்பினால் மட்டும், கற்களோடு சேர்த்துச் செதுக்கி எடுப்பது பற்றிப் பேசலாம். விந்து நாளத்தில் அடைப்பு இருந்தால் அதைத் திறந்துவிடுவதும் உண்டு, அபூர்வமாக.

நான் அதிகம் பேச விரும்புவது சிறுநீர்ப்பைக் கழுத்தைப் பற்றி. சிறுநீர் கழிக்கும்போது சிறுநீர்ப்பையின் வாய் தானாக விரிய வேண்டும். சில இளைஞர்களுக்கு அது சரியாகத் திறப்பதில்லை. முக்கி முக்கிப் போவார்கள், அடிக்கடி போவார்கள், அடியில் வலிக்கும். புராஸ்டேட் அழற்சி என்ற பெயரோடு ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குவார்கள். சிறுநீர் ஓடும் வேகத்தை வரைந்து காட்டும் ஒரு புனல் கருவியில் சிறுநீர் கழிக்கச் சொன்னால் போதும், சந்தேகம் வந்துவிடும். நல்ல ஓட்டம் காகிதத்தில் சிறு குன்று போல ஏறி இறங்கும். இவர்களுக்கு நீண்டு தட்டையாகக் கிடக்கும், பலருக்கு நொடிக்குப் பத்து மில்லிலிட்டரைக்கூடத் தொடாது. அழுத்தத்தையும் அளந்து அடைப்பு அங்கேதான் என்று உறுதியான பிறகு, அந்தத் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் போன்ற மருந்தும் உதவாவிட்டால், அந்தக் கழுத்தில் ஓரிரு கீறல். சிறிய அறுவைதான். இதிலும் விந்து பின்னோக்கிப் போகும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு என்பதால், ஒரு பக்கம் மட்டும் கீறி நிறுத்திக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

முழுச் சுரப்பியையும் எடுப்பது? அது புற்றுநோய்க்கான அறுவை. சிறுநீர் கசியலாம், விறைப்பு போகலாம். அவ்வளவுக்குப் பிறகும் வலி அங்கேயே இருக்கலாம். ஏனென்றால் நாள்பட்ட வலியில் நரம்புகளே வலிக்கப் பழகிவிடுகின்றன. இடுப்படித் தசைகளும் இறுகிப்போகின்றன. சுரப்பியை வெட்டினால் அவை தளராது.

ஃபைல்காரரைப் பரிசோதித்தேன். சிறுநீர் ஓட்டம் குன்று போல நன்றாக ஏறி இறங்கியது. ஸ்கேனில் கட்டியும் இல்லை, கல்லும் இல்லை. ஆசனவாய் வழியாகச் சோதித்தபோது விரல் சுரப்பியில் பட்டதற்கு அவர் முகம் சுளிக்கவில்லை. பக்கத்துத் தசையில் பட்டதும் "இதுதான் டாக்டர், இதே வலிதான்" என்றார். கத்தி போய்ச் சேராத இடம் அது. பிசியோதெரபிக்கு அனுப்பினேன், இறுகிய தசையைத் தளர்த்தும் பயிற்சிக்கு. மூன்று மாதம் கழித்து வந்தபோது வலி முழுதாகப் போயிருக்கவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் சமமாக, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஃபைலை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.