மண்முனைப் பாலத்தைத் தாண்டாத புத்தகப் பொதி

[திரையில்: அதிகாலை, மண்முனைப் பாலம். பின்னணியில் வாவி.]

வணக்கம். மகிழடித்தீவில் ஆசிரியையாக இருக்கும் என் மச்சாள் அண்மையில் இணையத்தில் ஒரு நாவல் வாங்கினார். மட்டக்களப்பு நகரக் கடையில் 1,200 ரூபாய், இணையத்தில் 1,050. பணம் செலுத்தும் பக்கத்துக்கு வந்தபோது விநியோகக் கட்டணமாக 400 ரூபாய் சேர்ந்துகொண்டது. வீட்டுக்கே வருகிறதே என்று சம்மதித்தார். மூன்றாம் நாள் அழைப்பு வந்தது: "அக்கா, பாலம் தாண்டி வருவதில்லை. ஆரையம்பதிச் சந்தியில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்." பஸ்ஸுக்குக் காத்திருந்து போய்வர அரைநாள் போய்விட்டது.

2014இல் இந்தப் பாலம் திறக்கும்வரை இங்கே வாவியைப் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் கடந்தோம். பாலம் வந்த பிறகும் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு வரவேண்டிய புத்தகம் கிழக்குக் கரையான எழுவான்கரையிலேயே நின்றுவிடுவது எனக்கு வலிக்கிறது.

[திரையில்: ஒரு தராசு. அதில் ஒரு நாவல்.]

அந்த 400 ரூபாயைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கூரியர் நிறுவனங்கள் பொதுவாக முதல் ஒரு கிலோவுக்கு ஒரு கட்டணமும், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் கட்டணமும் வாங்குகின்றன. இருநூறு பக்க நாவல் ஏறக்குறைய கால் கிலோ. ஆகவே ஒரு நாவலை மட்டும் வரவழைப்பவர் முக்கால் கிலோ வெற்றிடத்துக்கும் பணம் கட்டுகிறார். அதே பொதியில் மூன்று நாவல்கள் வந்தால் ஒன்றுக்கு 133 ரூபாய்தான் விழும். கடையைவிட மலிவு என்ற பேச்சு அப்போதுதான் உண்மையாகிறது.

'விநியோகம் இலவசம்' என்று எழுதியிருந்தாலும் யாரோ ஒருவர் அந்தச் செலவைச் சுமக்கிறார். பிரான்ஸ் இதைச் சட்டமாகவே பேசிய நாடு. அங்கே 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி புதிய நூலுக்குப் பதிப்பாளர் குறித்த விலையில் ஐந்து வீதத்துக்கு மேல் கழிவு கொடுக்க முடியாது. 2014இல் இலவச விநியோகத்தையும் தடுத்தார்கள். உடனே அமேசான் ஒரு சதம், அதாவது 0.01 யூரோ, கட்டணம் வைத்தது. 2023 ஒக்டோபரிலிருந்து 35 யூரோவுக்குக் குறைந்த புத்தகக் கட்டளைக்குக் குறைந்தது 3 யூரோ விநியோகக் கட்டணம் என்று ஆக்கினார்கள். தெருமுனைப் புத்தகக் கடை வாழவேண்டும் என்பதற்காக ஓர் அரசு இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறது. நம் ஊர்க் கடைக்கு அப்படி ஒரு காவல் இல்லை.

[திரையில்: நகரக் கடையின் அலமாரி.]

கடைக்காரர் கூடுதலாக வாங்குகிறார் என்று கோபப்படுவதற்கு முன், அந்தப் புத்தகம் எப்போது வந்தது என்று கேளுங்கள். தமிழ்நாட்டு நூலின் விலை நாணய மாற்றில்தான் நிற்கிறது. 2022 தொடக்கத்தில் ஓர் இந்திய ரூபாய் இலங்கைப் பணத்தில் மூன்று ரூபாயைத் தொடவில்லை. அதே ஆண்டு மே மாதம் நாலரையைத் தாண்டியது. அப்போது இறக்கிய நூலை இன்றைய மாற்று விலைக்குக் கொடுத்தால் அவருக்கு நட்டம்.

ஆனாலும் மச்சாளை நான் குறை சொல்லமாட்டேன். கடை அலமாரியில் பெரும்பகுதி பயிற்சி நூல்களும் கொப்பிகளும்தான். அவர் தேடிய நாவலின் ஒரே பிரதி அங்கே முன்னட்டை கிழிந்து கிடந்தது. ஈழத்து நூல் என்றால் முதலில் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் தேடுங்கள். 2005 முதல் அங்கே எண்ணிமப்படுத்தி இலவசமாக வைத்திருக்கிறார்கள். எத்தனையோ பழைய நூல்களை இன்று வேறெங்கும் விலைக்கு வாங்கவே முடியாது.

[திரையில்: ஆசிரியர் அறை மேசை, கையால் எழுதிய பட்டியல்.]

இந்த மாதம் மச்சாளின் பாடசாலையில் நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே கட்டளை போட்டார்கள். தினமும் ஆரையம்பதியிலிருந்து பாலம் கடந்து வரும் ஆசிரியர் ஒருவரின் வீட்டு முகவரியைக் கொடுத்தார்கள். ஐந்து நூல்களின் எடை ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டியது. ஒன்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, நகரக் கடைக்குத் தொலைபேசியில் கேட்டார்கள். அங்கே அது இருந்தது.